கரி பஸ்ஸில் ஏறிய புல் தைலம்

பாகம் பிரித்தபோது என் கணவரின் அண்ணன் கரிசல் நிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். பருத்தியும் மல்லியும் விளைகிற நிலம் அது. எங்களுக்கு வந்தது கண்மாய்க்கு மேற்கே மேட்டில் கிடந்த ஐந்து குறுக்கம் சரளைக்காடு. கம்பு விதைத்தால் முளைக்கும், கதிர் பிடிக்காது. அங்கே செழிப்பாக நின்றது சுக்குநாறிப்புல் ஒன்றுதான். ஐப்பசி மழை விழுந்து ஒரு மாதத்தில் இடுப்பளவு வளர்ந்துவிடும். மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் புல்லுக்குள் நடந்து வந்தால் எலுமிச்சைத் தோலும் சுக்கும் கலந்த மணம் சேலையில் ஏறிவிடும். துவைத்தாலும் லேசில் போகாது.

"தம்பிக்கு நல்ல காத்து கெடைச்சிருக்கு" என்று அண்ணன் நாலு பேர் நடுவில் சொன்னதாக எங்கள் காதுக்கு வந்தது. என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கல் பொறுக்கப் போய்விட்டார்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அருப்புக்கோட்டையில் எங்கள் கிறிஸ்தவச் சபையார் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தேன். பரீட்சை எழுதித் தேறிய நர்ஸ் இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி எம்.ரெட்டியபட்டி பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் ஆராதனை முடித்து, திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்புவேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடித்த வேலை, ஊசி மருந்து கரைப்பதற்காகத் தண்ணீர் வடிப்பது. மூடிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும். ஆவி ஒரு குழாய் வழியாக வெளியேறும். குழாயைச் சுற்றிப் பச்சைத் தண்ணீர் நிற்கும். மறுமுனையில் சுத்தமான நீர் சொட்டுச் சொட்டாக விழும். மற்ற நர்ஸுகளுக்கு அந்த வேலை சலிப்பு. நான் மட்டும் கேட்டு வாங்கிச் செய்வேன்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு யூகலிப்டஸ் தைலம் வருவது நின்றுபோயிற்று. எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். சளியும் மூக்கடைப்புமாகப் பிள்ளைகள் வந்தவண்ணம் இருந்தன. பெண்கள் வார்டில் புண்ணின் வாடை தங்கிவிட்டது. பினாயிலும் அளந்துதான் கிடைத்தது. எங்கள் டாக்டரம்மா கண்டிப்பானவர். யாரிடமும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவரே ஒரு நாள் காலி சீசாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஆவி பிடிங்கன்னு சொல்லி அனுப்புறேன். அதுல விட ஒரு சொட்டுத் தைலம் இல்ல" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல தூறல். குறுக்குப் பாதையில் எங்கள் சரளைக்காட்டுக்குள் புகுந்து வந்தேன். எனக்கும் நாலு நாளாக மூக்கடைத்திருந்தது. புல்லைத் தாண்டி மறுபக்கம் வந்தபோது மூச்சு தாராளமாகப் போய் வந்தது. நின்று திரும்பிப் பார்த்தேன். ஐந்து குறுக்கம் நிறைய நனைந்து நின்றது புல். வீட்டுக்குள் நுழைந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் சொன்னேன்.

"இந்தப் புல்லுல தைலம் எடுக்கலாம்ங்க."

அவர் என்னையும் என் ஈரச் சேலையையும் பார்த்தார். "என்னத்த வச்சு எடுக்க?"

"பானைய வச்சு."

முதல் முயற்சி மண்பானையில்தான். மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, சந்தில் மூங்கில் குழல் செருகி, ஈரத்துணி சுற்றிச் செய்தோம். பாதி ஆவி வெளியே போயிற்று. அரை நாள் கழித்துக் கிடைத்த கால் செம்பு தண்ணீரின் மேல் மஞ்சளாக நாலைந்து பொட்டுகள் மிதந்தன. அதைக் கோழி இறகால் ஒற்றி எடுத்து ஒரு சின்னக் குப்பியில் சேர்த்தேன். குப்பியைத் திறந்தால் வீடு முழுக்க மணத்தது. சந்தோஷத்தில் என் முழங்கையில் ஒரு சொட்டைத் தேய்த்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அந்த இடம் சிவந்து கொப்புளித்துவிட்டது.

திங்கட்கிழமை டாக்டரம்மா என் கையைத்தான் முதலில் பார்த்தார். குப்பியை அப்புறம்தான் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இத யாருக்கும் அப்படியே தேய்க்கக் கூடாது. நல்லெண்ணெயில கலக்கணும். கொதிக்கிற தண்ணியில ரெண்டு சொட்டுக்கு மேல விடக் கூடாது. இது காய்ச்சல எறக்காது, புண்ண ஆத்தாது. ஆனா மூச்சுக்கும் மனசுக்கும் நல்லா இருக்கும். வார்டுக்கும் வேணும். எவ்வளவு கொண்டுவர முடியும்?"

மொத்தமே அந்தக் குப்பிதான் என்று சொல்ல வாய் வரவில்லை. "கொண்டாரேன் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டேன்.

செம்புப் பாத்திரம் வேண்டும். கடைத்தெருவில் செம்புத் தகடு கண்ணில் படவில்லை. அதுவும் சண்டைக்குப் போயிருந்தது. வீட்டில் இருந்தது நான் சீதனமாகக் கொண்டுவந்த வெந்நீர் அண்டா ஒன்றுதான். அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைப் பாத்திரப் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதில் ஓட்டை போட மனசு வரவில்லை என்றார். "போடுங்க" என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்துவிட்டு, "அவ சொல்றபடி போடுங்க" என்றார். விளிம்பில் ஓட்டை போட்டுப் பொருத்துகிற கூம்பு மாதிரி ஒரு மூடியும் அதன் உச்சியிலிருந்து வளைந்து இறங்குகிற குழாயும் செய்து வாங்கினோம். நீளக் குழாய்க்கு, கழித்துப்போட்ட பழைய குழாய்த் துண்டுகளை ஒட்டவைத்துக் கொடுத்தார்.

அடுத்த சிக்கல் தண்ணீர். குழாயைக் குளிர வைக்கக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். எங்கள் கிணற்றில் இறைத்து ஊற்றினால் ஒரு வடிப்புக்குள் மண் தெரிந்துவிடும். என் கணவர் ஒரு நாள் முழுக்கக் கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து சொன்னார்.

"தண்ணியக் குழாய்கிட்டக் கொண்டுபோக வேண்டாம். குழாயத் தண்ணிகிட்டக் கொண்டுபோவோம்."

அப்படியே செய்தோம். கரைச் சரிவில் அடுப்பு. அதன் மேல் அண்டா. குழாய் சரிந்து இறங்கி, ஆழமில்லாத ஓர் ஓரத்தில் கண்மாய்த் தண்ணீருக்குள் முழுகிப் போய், கரையோரம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழாகத் தோண்டிய குழியில் வைத்த சீசாவில் வந்து முடியும். கண்மாயே எங்களுக்குத் தொட்டி. மூடிச் சந்தைக் களிமண் தடவிய துணியால் இறுகக் கட்டினோம். எரிக்கக் காய்ந்த பருத்திச்செடி, பருத்திமார், கிடைத்தது. வடித்து முடிந்த புல்லைக் காயவைத்து அதையும் எரித்தோம். அந்தத் தை மாதத்தில் முதல் முறையாகக் குழாய் முனையிலிருந்து நூல் பிடித்த மாதிரி நீர் இறங்கி, சீசாவின் கழுத்தில் விரல் கனத்துக்குப் பொன் நிறத் தைலம் திரண்டு நின்றதை நானும் அவரும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். புகைதான் காரணம் என்று இன்றும் சொல்வார்.

பெண்கள் வார்டில் ஒரு தட்டு வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஜன்னலோரம் வைத்தேன். அன்று காலையில் யாரும் முந்தானையால் மூக்கை மூடவில்லை. பிரசவத்துக்கு வந்து பயந்து நடுங்கிக்கொண்டிருந்த பந்தல்குடிப் பெண் ஒருத்தி, நான் கொடுத்த துணித்துண்டைக் கையைவிட்டு விடாமல் மோந்துகொண்டே வலியைத் தாங்கினாள். வீட்டுக்குப் போகும்போது பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, "அந்தத் துணியவும் தாங்கக்கா" என்று கேட்டு வாங்கிப் போனாள்.

ஆனால் தைலம் ஊர் ஊராகப் போனது ஆஸ்பத்திரியால் இல்லை, பஸ்ஸால்.

பெட்ரோல் கிடைக்காததால் அந்நாளில் பஸ்ஸுகள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயர அடுப்பு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதில் கரி வெந்து வரும் வாயுவில் வண்டி ஓடும். பாதிப் புகை உள்ளேதான் வரும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போவதற்குள் நாலு பேராவது ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுப்பார்கள். ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் இருந்த பெண் முகம் வெளிறிப் போய் என் மடியில் சாய்ந்தாள். பையிலிருந்த குப்பியைத் திறந்து அவள் முந்தானை நுனியில் ஒரு சொட்டு விட்டு மூக்கருகே பிடிக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் போவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பித் தன் துண்டை நீட்டினார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் நீட்டினார்.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். வழக்கமாக அந்த வண்டியை ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் புகையில் இருந்து கண் சிவந்தே இருப்பார்.

"அக்கா, அது என்ன வாசம்?"

"எங்க காட்டுப் புல்லுத் தைலம் தம்பி."

"எனக்கும் ஒரு சொட்டு விடுங்க. மண்டை விண்ணு விண்ணுனு தெறிக்குது."

அவர் சட்டைக் காலரில் விட்டேன். திங்கள்கிழமை காலை என்னைப் பார்த்ததும் அவரே கீழே இறங்கி வந்தார். கையில் காலி சீசா. அன்றிலிருந்து ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பஞ்சு உருண்டை தைலத்தில் நனைந்து தொங்கியது. முன்னால் வருகிற வண்டியை விட்டுவிட்டு அந்த வண்டிக்காகக் காத்து நிற்க ஆரம்பித்தார்கள் சனங்கள். "வாச பஸ்ஸு வந்துருச்சா" என்று கேட்பார்களாம். ஆறு மாதத்தில் காரியாபட்டிச் சந்தையில் எங்கள் தைலத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது. சீசாவுக்குத் தட்டுப்பாடு, அதனால் காலிக் குப்பி கொண்டு வருகிறவர்களுக்குத்தான் தைலம் என்று வைத்திருந்தோம். மருந்துக் குப்பி, மைக்கூடு, அத்தர்ச் சீசா என்று கையில் கிடைத்ததோடு வருவார்கள். மூட்டுவலிக்கு நல்லெண்ணெயில் கலந்து தேய்த்தார்கள். கொசுவுக்கு விளக்கடியில் வைத்தார்கள். ஒரு தாத்தா தூக்கம் வருவதற்காகத் தலைமாட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் அப்படியே தேய்க்கக் கூடாது என்று சொல்லி, முழங்கைத் தழும்பைக் காட்டித்தான் கொடுப்பேன்.

சண்டை முடிந்தது. சுதந்திரமும் வந்தது. பஸ்ஸுகளில் கரி அடுப்பைக் கழற்றி எறிந்தார்கள். புகை போன பிறகும் பஞ்சு உருண்டை போகவில்லை. அதற்குள் மற்ற வண்டிக்காரர்களும் கட்டித் தொங்கவிட ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு எங்கள் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. அந்தத் தை மாதம் நான் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு அறுப்புக்கு வந்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை, கூலிக்கு வந்த பெண்கள் அறுத்த புல் கரை நெடுகக் குவிந்து கிடந்தது. அண்டாவில் அன்றைய முதல் ஈடு ஏறி, குழாய் சொட்ட ஆரம்பித்திருந்தது. வண்டிப்பாதையில் சைக்கிள்களில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். முன்னால் சப்-இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு பேர். யாரோ மொட்டைக் கடிதாசி எழுதிப் போட்டிருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் நாங்கள் முயலவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அடுப்பைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். தண்ணீருக்குள் போகிற குழாயைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தண்ணிக்குள்ள குழாய ஒளிச்சு வச்சு வடிக்கிறீக. என்னது இது?"

"புல்லுத் தைலம்ங்கய்யா" என்றேன்.

"போன வாரம் ஒருத்தன் பன்னீருன்னு சொன்னான்."

"மோந்து பாருங்கய்யா."

மோந்தார். "வாசனை போட்டு மறைக்கிறது இப்பப் புது வழி" என்றார்.

தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்தார்கள். அண்டா, மூடி, குழாய், முந்தின நாட்களில் நிறைத்த சீசாக்கள் எல்லாம் அவர்கள் பிடித்துவந்த மாட்டு வண்டியில் ஏறின. என் கணவரையும் ஏறச் சொன்னார்கள். அவர் அப்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அந்த அண்டா இவ அம்மா வீட்டுச் சீரு. பாத்து எறக்குங்க."

கூலிப் பெண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தார்ரோட்டுக்கு நடந்து போய் அருப்புக்கோட்டை பஸ்ஸைக் கை காட்டினேன். அதே டிரைவர். என் முகத்தைப் பார்த்ததும் என்ன என்று கேட்டார். சொன்னேன். வண்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். இறங்குகிற இடத்திலெல்லாம் அந்தச் செய்தியும் இறங்கியது.

டாக்டரம்மா நான் சொல்லி முடிப்பதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரிக்கு இந்தத் தைலம்தான் வருகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் அந்தக் கடிதத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமை வரச் சொன்னார்கள். என் கணவரிடம் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். "புல்லு காஞ்சு போகுமே" என்பதுதான் அவருடைய கவலை.

சனிக்கிழமை காலை ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் என்னோடு இறங்கினார். பின்னால் பயணிகள் இறங்கினார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. அதில் பாதிப்பேர் மடியிலிருந்தும் பையிலிருந்தும் தங்கள் குப்பிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"டாக்டரம்மா பெரியவுகதான். ஆனா அவுக வந்து பாத்தாகளா, நீங்க கரையில என்ன வடிக்கிறீகன்னு?"

நியாயமான கேள்விதான். யோசித்தேன். "ஐயா, ரெண்டு கிளாஸ்ல தண்ணி வேணும். இங்க பிடிச்சு வச்ச சாராயம் இருந்தா அதுலயும் கொஞ்சம் வேணும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் தலையசைத்தார். போலீஸ்காரர் கொண்டுவந்து வைத்தார். முதல் கிளாஸில் சாராயத்தை ஊற்றினேன். தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து மறைந்தது. இரண்டாவது கிளாஸில் எங்கள் சீசாவிலிருந்து தைலத்தை ஊற்றினேன். அது கலக்கவில்லை. மேலே வந்து பொன் தகடு மாதிரி நின்றது. நான் விரலால் கலக்கினேன். சிதறிய பொட்டுகள் திரும்ப ஒன்றுகூடின.

"சாராயம் தண்ணியில கரைஞ்சிரும்ங்கய்யா. தைலம் மெதக்கும். எங்க சீசா எல்லாத்தையும் இப்படியே ஊத்திப் பாருங்க."

அவர் மூன்று சீசா பார்த்தார். நாலாவதை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். அறை முழுக்க மணம் நிறைந்திருந்தது. வாசலில் நின்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"தப்பா நெனச்சுட்டேன்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். தொப்பியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டாயிற்று. அண்டாவையும் மூடியையும் குழாயையும் இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் கணவர் வெளியே வந்ததும் அண்டாவைத் தட்டிப் பார்த்து, அடியில் நசுங்கல் உண்டா என்று தடவிப் பார்த்தார். டிரைவர், "ஏறுங்க அண்ணே, அண்டாவ மேல கட்டுவோம்" என்றார். பஸ்ஸின் உச்சியில் அண்டா வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. வழியில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். உள்ளே யாரோ முன் சீட்டை எனக்காக விட்டுக்கொடுத்தார்கள். ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கண்மாய்க்கரையில் புல் இரண்டு நாள் வெயிலில் கிடந்து வதங்கிச் சுருண்டிருந்தது. பச்சையாகப் போட்டால்தான் தைலம் என்று நாங்கள் அதுவரை நம்பியிருந்தோம். அறுத்ததும் ஓடிப்போய் அண்டாவில் திணிப்போம். என் கணவர் ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்து, "போச்சு" என்றார்.

"போட்டுத்தான் பாப்போமே" என்றேன்.

வதங்கியதால் அண்டா வழக்கத்தைவிட அதிகமாகப் புல்லைக் கொண்டது. களிமண் துணி கட்டி, பருத்திமாரைப் பற்றவைத்தோம். செய்தி கேட்டு வந்த கூலிப் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் சுற்றி உட்கார்ந்தார்கள். குழாய் சொட்ட ஆரம்பித்தது. எப்போதும் ஒரு ஈட்டுக்கு, அடியில் நிற்கும் தண்ணீரைக் கழித்துவிட்டால், இரண்டு சீசா தைலம் நிறையும். அன்று இரண்டும் நிறைந்த பிறகும் மஞ்சள் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சீசாவை ஓடிப்போய் எடுத்து வைத்தேன். அதுவும் கழுத்துவரை வந்தது. பிறகு கையில் கிடைத்த மைக்கூட்டைப் பிடித்தார் அவர்.

கூலிப் பெண்களில் ஒருத்தி கேட்டாள். "இனிமே புல்ல வாட வச்சுத்தான் போடுவீகளாக்கும்?"

"ஆமா" என்றார் என் கணவர். அவர் வாய்விட்டுச் சிரித்து அந்தப் பெண்கள் அதற்கு முன்பு பார்த்ததில்லை.